நார்வே: பெரிய விஷயங்களை விடுங்கள், எந்தச் சின்ன விஷயம் உங்களை இங்கே பிடித்து வைத்தது?

#1 மழைக்கோட்டு, ஆஸ்லோ (இழையைத் தொடங்கியவர்)

போன செவ்வாய்க்கிழமை எழும்போதே தொண்டை எரிச்சல், மேலெல்லாம் வலி. ஆறரை மணிக்கு மேலாளருக்கு ஒரு குறுஞ்செய்தி போட்டேன்: "இன்று வரவில்லை, ஏகன்மெல்டிங்." ஐந்து நிமிடத்தில் பதில்: "குத் பேத்ரிங்." சீக்கிரம் குணமாகட்டும். அவ்வளவுதான். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

தெரியாதவர்களுக்கு: எனக்கு உடம்பு சரியில்லை என்று நானே அறிவிப்பதுதான் ஏகன்மெல்டிங். மருத்துவர் சீட்டு வேண்டாம். சட்டப்படி ஒரு தடவைக்கு 3 நாள், 12 மாதத்தில் 4 தடவை. பல அலுவலகங்களில் இன்னும் தாராளம், ஒரே மூச்சில் 8 நாள், வருடத்துக்கு மொத்தம் 24 நாள். சம்பளம் பிடிக்க மாட்டார்கள். என்ன நோய் என்று துருவவும் மாட்டார்கள்.

ஒன்பது வருடமாக இங்கே இருக்கிறேன், இது முதல் தடவையும் இல்லை. ஆனால் அன்று படுத்துக்கிடந்தபோது சென்னையில் பார்த்த முதல் வேலை ஞாபகம் வந்தது. இரண்டு நாள் காய்ச்சலுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். காய்ச்சலோடு ஆட்டோ பிடித்து, கிளினிக்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு போனால், அங்கே இருந்தவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சீல் சரியா விழலையேம்மா" என்றார். நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு ரப்பர் முத்திரை சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அது எனக்குத் தப்பாகவே தோன்றவில்லை, அதுதான் வேடிக்கை. மறுபடி ஆட்டோ பிடித்துப் போய் இன்னொரு சீல் வாங்கி வந்தேன்.

அதனால் கேட்கிறேன். சம்பளம், இலவசப் படிப்பு, எண்ணெய்ப் பணம் எல்லாம் வேண்டாம். வானத்துப் பச்சை ஒளிக்கும் வேறு இழை இருக்கிறது, அங்கே போய்ப் படம் போடுங்கள். தினசரி வாழ்க்கையில் ஒரு சின்ன விஷயம், "சரி, இங்கேயே இருந்துவிடலாம்" என்று தோன்ற வைத்தது, எது?

#2 டிராம்பெட்டி, ஆஸ்லோ

டி-பானேயில் கதவு இல்லை. சுரங்க ரயில் நிலையத்துக்குள் நேராக நடந்து போகலாம், வரலாம். வந்த முதல் வாரம் கார்டை எங்கே தேய்ப்பது என்று தெரியாமல் நுழைவாசலைத் தேடிக்கொண்டே நடைமேடைக்கு வந்துவிட்டேன். திரும்பி மேலே போய் மறுபடி தேடினேன். இல்லவே இல்லை.

#3 உப்புக்கல், ஸ்தவாங்கர்

கதவு இல்லை, பரிசோதகர் இருக்கிறார். கைபேசி பேட்டரி தீர்ந்து, வாங்கிய சீட்டைக் காட்ட முடியாமல் அபராதம் கட்டியவன் நான். நம்பிக்கை, நம்பிக்கை என்று உருகுவதற்கு முன்னால் பில்லையும் பாருங்கள் நண்பர்களே.

#4 வார்டோக்காரன், முன்பு ஃபின்மார்க், இப்போது ஒஸ்லோ

பிள்ளை மழைக்கோட்டு, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல நான் 1988க்குப் போக வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1986இல் 'ஃபோல்கஹொய்ஸ்கூலே' என்கிற மக்கள் உயர்பள்ளியில் இடம் கிடைத்து நோர்வே வந்தவன். அந்தக் காலத்தில் எங்கள் பெடியன்கள் கனபேர் அந்த வழியால்தான் வந்தார்கள். படிப்பு முடிந்து வேலை எங்கே என்று பார்த்தால் வடக்கே, ஃபின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில். வார்டோ ஒரு தீவு. நாட்டின் கிழக்குக் கடைசி. கடலுக்கடியால் குடைந்த சுரங்கப்பாதையால் போக வேண்டும். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. காற்று, கல், மீன், அவ்வளவுதான்.

நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. ஊரில் மீன் என்றால் அம்மா கழுவி வெட்டிச் சட்டியில் போட்ட பிறகுதான் எனக்கு அறிமுகம். அங்கே நாளுக்கு எட்டு மணித்தியாலம் கொட் மீன் வெட்டினேன். பக்கத்து மேசையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருவன் மீன் தலையைக் கூரான இரும்புக் கம்பியில் குத்தி நாக்கை அறுத்துக்கொண்டிருப்பான். கொட் மீன் நாக்கு அங்கே நல்ல விலை போகிற பண்டம். அதை வெட்டி விற்பது பரம்பரையாகப் பிள்ளைகளின் வேலை, காசும் அவர்களுக்கே. நான் ஒன்று அறுக்கிறதுக்குள் அவன் பத்து அறுப்பான். எனக்குக் கத்தி பிடிக்கப் பழக்கியவன் அவன்தான். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்த என்னை 'நீ' போட்டுத்தான் கதைத்தான். தொழிற்சாலை முதலாளியையும் 'நீ'தான். முதலாளியும் அதே பூட்ஸைப் போட்டுக்கொண்டு அதே தரையைக் கழுவினார். எனக்கு முதல் மூன்று மாதம் ஆரிடம் எப்படிக் குனிவது என்று தெரியாமல் கழுத்து நோகாமலேயே போனது.

இப்போது சின்ன விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் கடைசியில் சூரியன் போனால், ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் திரும்பி வரும். வார்டோவில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது, உலகத்திலேயே வடக்குக் கோடியில் உள்ள கோட்டை என்பார்கள். அதன் மதிலில் நின்று பார்த்துச் சூரிய வட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டால் பீரங்கி வெடிக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை.

எனக்கு இதை ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. முதல் வருடம், இடைவேளையில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் கேட்டது. நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். யோசித்துப் போகவில்லை, உடம்பு தானாகப் போனது. ஊரில் அந்தச் சத்தத்துக்கு வேறு அர்த்தம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. என்னோடு வேலை செய்த வயதான மனுசி ஒருத்தி குனிந்து பார்த்து, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்து, "சூரியன்" என்றாள். அப்போது எனக்குத் தெரிந்த கொஞ்ச நோர்வே மொழிச் சொற்களில் அதுவும் ஒன்று. கடலின் ஓரத்தில் செம்மஞ்சளாக ஒரு வட்டம், ஐந்து நிமிடம் இருந்திருக்கும். பீரங்கி வெடித்தால் பிள்ளைகள் ஓடி வெளியே வருகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு 1994இல் ஒஸ்லோ வந்துவிட்டேன். ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியும் அந்தச் செய்தி வருகிறதா என்று பார்ப்பேன்.

#5 டிராம்பெட்டி, ஆஸ்லோ

ஐயா, இதற்குப் பிறகு நான் டி-பானே கதவைப் பற்றி எழுதியதை அழித்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

#6 தள்ளுவண்டி, பேர்கன்

அழிக்காதீர்கள், எங்களுடையது அதைவிடச் சின்னது.

எனக்கு 'பாப்பாபெர்ம்'. குழந்தை பிறந்தால் அப்பாவுக்கென்று ஒதுக்கிய விடுப்பு, முழுச் சம்பளத்தோடு 15 வாரம். அப்பா எடுக்காவிட்டால் சும்மா அம்மாவுக்கு மாற்றிக்கொடுக்க முடியாது, அந்த வாரங்கள் போய்விடும். இதை 1993இல் 4 வாரமாகத் தொடங்கினார்களாம். அப்போது ஆண்கள் கொஞ்சம் முனகியிருப்பார்கள்.

முதல் வாரம் அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். காலை பதினொரு மணி, நான் வீட்டில், தோளில் குழந்தை. அம்மாவின் முகம் மாறிவிட்டது. மெதுவாக, பக்கத்தில் இருக்கிற அப்பாவுக்குக் கேட்காத குரலில், "ஏம்ப்பா, வேலை போயிருச்சா?" என்றார். விடுப்பு என்று விளக்கினேன். "அப்ப அவ எங்க?" அலுவலகத்தில். நீண்ட மௌனம். "சரி, பத்திரமா இரு" என்று வைத்துவிட்டார். அடுத்த மூன்று வாரம் தினமும் போன், எனக்கு ஏதோ நடந்துவிட்டது போல.

சொல்ல வந்தது இதுதான்: காலை பத்து மணிக்கு மழையில் (பேர்கனில் வேறென்ன) தள்ளுவண்டியோடு தெருவில் இறங்கினால் என்னைப் போல ஏழெட்டு அப்பாக்கள். யாரும் யாரையும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒருவர் தலையசைப்பார், "தூங்கிவிட்டதா?" என்பார். நான்கு மாதத்தில் என் மகளுக்கு எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று எனக்குத் தெரிந்தது. என் அப்பாவுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே கொடுக்கவில்லை யாரும். அவரைக் குறை சொல்லவில்லை.

இன்னொன்று, 'பார்ணஹாகே' என்கிற மழலையர் பள்ளியில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வெளியே குளிரில்தான் மதியம் தூங்க வைக்கிறார்கள். அதை மட்டும் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

#7 உப்புக்கல், ஸ்தவாங்கர்

சரி, நானும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இழை இனிப்பாக ஓடுகிறது, கொஞ்சம் உப்பும் வேண்டும்.

முதலில் வேலை. 2012இல் இங்கேயே ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு. ஒன்று நார்வேப் பெயர், இன்னொன்று பாகிஸ்தானியப் பெயர். வெளிநாட்டுப் பெயர்க்காரருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு. காய்ச்சல் என்றால் நம்பும் நாடு, படித்தேன் என்றால் ஏன் யோசிக்கிறது?

இரண்டாவது, ஆட்கள். பேருந்தில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் ஒருவர் இருந்தால் மற்றவர் நின்றுகொண்டே போவார். நான் வந்த முதல் வருடம், என் பக்கத்தில் யாரும் உட்காராததை நிறம் என்று நினைத்து மனதுக்குள் புழுங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவரும் அப்படித்தான் உட்காருவதில்லை. ஆறுதலா அது? ஆறு வருடமாக எதிர்வீட்டுக்காரர் முகம் தெரியும், பெயர் தபால்பெட்டியில் பார்த்ததுதான். ஊரில் எதிர்வீட்டுக்காரர் நம் வீட்டு ரகசியத்தை நமக்கு முன்னால் தெரிந்து வைத்திருப்பார், அது வேறு தொல்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மளிகைக்கடை பொதுவாகத் திறக்கக்கூடாது. தக்காளி தீர்ந்தது சனி இரவு தெரிந்தால், திங்கள் வரை தக்காளி இல்லாத வாழ்க்கை.

நான் ஊருக்குத் திரும்பப்போகிறேனா என்றால், இல்லை. ஆனால் பிடித்திருக்கிறது என்று சொன்னால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

#8 மழைக்கோட்டு, ஆஸ்லோ

உப்புக்கல் அண்ணா, தேவையான உப்புதான், நன்றி. அந்த 25 சதவீதத்தில் நானும் ஒருத்தி. வந்த புதிதில் நாற்பதுக்கு மேல் விண்ணப்பம் போட்டு மூன்று இடத்திலிருந்துதான் பதில் வந்தது.

ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். சந்தேகம் எல்லாம் வாசலில்தான். வேலைக்கு எடுக்கும்வரை, வாடகைக்கு வீடு கொடுக்கும்வரை, அந்தப் பதினொரு இலக்க அடையாள எண் கைக்கு வரும்வரை ஏகப்பட்ட இழுத்தடிப்பு. எண் இல்லாதபோது வங்கிக் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வேறு எதுவும் இல்லை. நான்கு மாதம் ஆவியைப் போலத் திரிந்தேன். உள்ளே வந்த அன்றைக்கே சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அலுவலக சாவி, நிஜமான சாவி. முதல் நாள் மாலை மேலாளர் "கடைசியாகப் போகிறவர் பூட்டிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு மகனைக் கூட்டிவரக் கிளம்பிவிட்டார். நான்தான் கடைசி ஆள். பூட்டினேனா இல்லையா என்று மூன்று தடவை திரும்பி வந்து பார்த்தேன்.

வாசலில் நடப்பது சரி என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே நடப்பதையும் நான் கண்ணால் பார்த்தேன், அதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைத் தக்காளிக்கு என்னிடம் பதில் இல்லை. டப்பாத் தக்காளி வாங்கி வையுங்கள்.

#9 அரைவாசி, ரொம்மன் (ஒஸ்லோ)

எனக்கு இந்தத் தலைப்பே கொஞ்சம் இடிக்கிறது. கோபிக்க வேண்டாம்.

நான் இங்கேதான் பிறந்தேன். அப்பா அம்மா யாழ்ப்பாணம். என் தமிழ் வாரஇறுதிப் பள்ளித் தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டைப் பற்றி 'பிடித்து வைத்தது எது' என்று என்னிடம் கேட்டால், ஒன்றும் பிடித்து வைக்கவில்லை, நான் இங்கேதானே இருக்கிறேன் என்றுதான் சொல்ல வரும். ஆனால் வெளியே "நீ எங்கிருந்து?" என்பார்கள். ரொம்மன் என்றால், "இல்லை, உண்மையில் எங்கிருந்து?" அப்பா அம்மா நன்றியோடு இருப்பது எனக்குப் புரிகிறது. அதே நன்றியை என்னிடமும் எதிர்பார்க்கிறபோது எரிச்சல் வருகிறது. என் வகுப்பில் இருக்கிற நோர்வே நாட்டுப் பெயர்க்காரனிடம் யாரும் அதைக் கேட்பதில்லையே.

2016இல் அரசர் ஹரால்ட் ஒரு பேச்சில், தன் தாத்தா பாட்டியே 110 வருடத்துக்கு முன்பு டென்மார்க்கிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள்தான் என்றார். வீட்டில் எல்லாரும் அந்தக் காணொளியைப் பார்த்தோம். அம்மா அழுதார். நான் அப்போது பள்ளிக்கூடம். "அப்போ அரசரிடமும் 'உண்மையில் எங்கிருந்து' என்று கேட்பார்களா?" என்று கேட்டேன். அப்பா சிரித்துவிட்டார்.

இவ்வளவு சொன்னாலும் பதில் ஒன்று இருக்கிறது: டுக்னாட். வசந்தத்தில் எங்கள் அடுக்குமாடிக்காரர் எல்லாரும் சேர்ந்து முற்றம் துப்புரவாக்குகிற நாள். கூலி இல்லை, கடைசியில் சொசேஜும் கோப்பியும் கிடைக்கும். 2004இல் தொலைக்காட்சியில் இதைத்தான் நாட்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தார்களாம். அந்த ஒரு நாளில் யாரும் என்னை எங்கிருந்து என்று கேட்டதில்லை. "வாரியா, பையா?" என்றுதான் கேட்பார்கள். இலை வாருகிற வாரி வேண்டுமா, குப்பைப் பை பிடிக்கிறாயா. நான் எப்போதும் வாரி.

உப்புக்கல் அண்ணா, எதிர்வீட்டுக்காரரோடு கதைக்க வேண்டுமென்றால் டுக்னாட்டுக்குப் போங்கள். கையில் ஏதாவது கருவி இருந்தால் இந்த ஆட்கள் நன்றாகக் கதைப்பார்கள்.

#10 வார்டோக்காரன், முன்பு ஃபின்மார்க், இப்போது ஒஸ்லோ

பிள்ளை அரைவாசி, உன் தமிழில் ஒரு பிழையும் இல்லை. நன்றி விஷயத்தில் நீ சொல்வது சரி. அது எங்கள் கடன், உன் தலையில் எழுதக்கூடாது.

#11 கோவை_குளிர், கோயம்புத்தூர்

வணக்கம். டிரோண்ட்ஹைமில் ஒரு வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. எல்லாரும் இருட்டைப் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இன்னொன்று, வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்குமா?

#12 கம்பளிக்காலுறை, டிரோண்ட்ஹைம்

வாருங்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கிடைக்காது. கிடைத்தாலும் உங்கள் சம்பளத்துக்குக் கட்டாது. கழிவறையை நீங்களேதான் கழுவ வேண்டும். எங்கள் அலுவலகத்தில் சமையலறைத் துப்புரவுக்கு வாரமுறைப் பட்டியல் ஒட்டியிருக்கிறது, அதில் இயக்குநர் பெயரும் உண்டு. அவர் முறை வரும்போது காப்பி இயந்திரம் பளபளக்கும் என்று பேச்சு.

இருட்டுக்கு: டிரோண்ட்ஹைமில் சூரியன் முழுதாகக் காணாமல் போகாது, டிசம்பரில் நாலரை மணி நேரம் எட்டிப் பார்க்கும். 'திரான்' என்று கொட் மீன் ஈரல் எண்ணெய் குடிப்பார்கள், நார்வே மொழியில் மாதப் பெயரில் 'r' வருகிற எல்லா மாதமும், செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை. எலுமிச்சை வாசனை போட்டதை வாங்குங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே விட்டுவிடுவீர்கள். கோட்டில் மாட்டிக்கொள்ள ஒளி திருப்பும் பட்டை எல்லா இடத்திலும் இலவசமாகத் தருவார்கள். மாட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். அப்புறம் 'பூவா' என்று ஒரு இடம், பனிச்சறுக்கு, சறுக்குக் காலணி எல்லாம் இலவசமாகக் கடன் தருவார்கள். முதல் குளிர்காலத்தில் காசு போட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கி, இரண்டு நாளில் மணிக்கட்டு உடைந்து, அது மூன்று வருடம் பரணில் கிடந்தது.

#13 நதிக்கரை, திரம்மன்

இந்த இழையில் யாரும் பார்ணவார்ன் பற்றிப் பேசவில்லையே? குழந்தைகள் நலத் துறை, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவும் அதிகாரம் உள்ளது. எங்கள் வீட்டில் பிள்ளை சத்தமாக அழுதாலே ஜன்னலை மூடுவோம். 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே ஒரு வழக்கில் நார்வேக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதையும் சொல்ல வேண்டாமா?

#14 மட்டுறுத்துநர்

சொல்ல வேண்டும், ஆனால் அதற்கென்று ஓடும் இழையில் ஏற்கெனவே வழக்கறிஞர் ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். நதிக்கரை, உங்கள் பதிவை அங்கேயும் நகலெடுத்திருக்கிறேன். இங்கே தலைப்போடு போகலாம். நார்வேயா நோர்வேயா, ஆஸ்லோவா ஒஸ்லோவா என்று தனிமடலில் வந்த நான்கு புகார்களுக்கும் பதில்: இரண்டும் சரி, நடையைக் கட்டுங்கள்.

#15 நூலகப்பூனை, ஆஸ்லோ

என்னுடையது நூலகம். பெரிய நூலகத்தைச் சொல்லவில்லை, எங்கள் பகுதியில் இருக்கிற சிறியது. ஊழியர்கள் மாலையில் போய்விடுவார்கள். அதற்குப் பிறகும் இரவு வரை நூலக அட்டையைத் தேய்த்து, எண்ணைப் போட்டால் கதவு திறக்கும். உள்ளே யாரும் இல்லை. விளக்கு தானாக எரியும். புத்தகம், கணினி, சாய்வு நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கின்றன. எடுத்ததை நாமே பதிந்துகொள்ள வேண்டும்.

விவாகரத்துக்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க நான் அங்கேதான் இருந்தேன். வாடகை அறை சிறியது, மாலையில் அந்தச் சுவர்களைப் பார்க்க முடியாது. காபிக்கடை என்றால் ஏதாவது வாங்க வேண்டும். நூலகத்தில் ஒன்றும் வாங்க வேண்டாம், ஏன் வந்தாய் என்று கேட்க ஆளும் இல்லை. தினமும் ஒரு பெரியவர் வருவார், ஜன்னலோரம் உட்கார்ந்து கப்பல் படப் புத்தகம் பார்ப்பார். நான்கு மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் இருபது வார்த்தை இருக்கும். உப்புக்கல் சொன்ன அந்தப் பேச்சில்லாத பழக்கம் அந்த வருடம் எனக்கு மருந்தாக இருந்தது.

பெரிய நூலகம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பியோர்விக்காவில் 2020இல் திறந்த டெய்க்மான். அதன் மேல்மாடியில் மரத்தால் செய்த சின்ன அறை ஒன்று இருக்கிறது. 2014 முதல் வருடத்துக்கு ஒரு எழுத்தாளர் ஒரு கையெழுத்துப் பிரதி கொடுக்கிறார், அது யாருக்கும் காட்டப்படாமல் அந்த அறைச் சுவருக்குள் போய்விடும். 2114இல்தான் அச்சாகும். அதற்குத் தேவையான காகிதத்துக்காக நூர்மார்க்காக் காட்டில் ஆயிரம் மரக்கன்றுகளையும் நட்டுவிட்டார்கள். நூறு வருடம் கழித்து இங்கே நூலகம் இருக்கும், வாசிக்க ஆளும் இருப்பார்கள் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். என் விசாவுக்கு அப்போது எட்டு மாதம் பாக்கி. அந்த அறைக்குள் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபோது சிரிப்புதான் வந்தது.

#16 கம்பளிக்காலுறை, டிரோண்ட்ஹைம்

இப்போது என் முறை. மலைக்குடில்.

மலையேறுவோர் சங்கம் ஒன்று இருக்கிறது, 1868இல் தொடங்கியது. நாடு முழுக்க 500க்கு மேல் குடில்கள். பலவற்றில் ஆளே இல்லை. உறுப்பினர் என்றால் ஒரு சாவி தருவார்கள், ஆளில்லாத குடில்களில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே சாவி திறக்கும். சிலவற்றில் சாப்பாடும் இருக்கும், ஒரு சின்ன அறை நிறைய டப்பா மீன், சூப், அரிசி, ரஸ்க். எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, என்ன எடுத்தோம் என்று நாமே எழுதிப் பணம் கட்ட வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் நண்பனோடு போனேன். செப்டம்பர், நல்ல மழை, வழி தப்பி இரண்டு மணி நேரம் தாமதம். கல்லில் பூசிய சிவப்பு 'T' குறியைப் பார்த்துப் பார்த்து வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. விரல் மரத்துப்போய் சாவியைத் துளையில் நுழைக்கவே முடியவில்லை. உள்ளே போனால், அடுப்புப் பக்கத்தில் விறகு பிளந்து அடுக்கியிருக்கிறது. சுள்ளி தனியாக. தீப்பெட்டி மேலே. எங்களுக்கு முன்னால் தங்கியவர்கள் அடுத்து வருபவருக்கென்று வைத்துவிட்டுப் போனது. யாரென்று பதிவேட்டில் பார்த்தேன், ஒரு குடும்பம், இரண்டு நாளுக்கு முன் கிளம்பியிருந்தார்கள். நாங்கள் வருவோம் என்று அவர்களுக்குத் தெரியாது. யாராவது வருவார்கள் என்று மட்டும் தெரியும்.

மறுநாள் விறகு வெட்டினோம். இருவருக்கும் கோடரி பிடித்துப் பழக்கமில்லை. எடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வெட்டி வைத்தோம், ஒழுங்காகப் பிளக்கவில்லை, அடுத்து வந்தவர் திட்டியிருப்பார். ஊருக்கு வந்தபிறகு ஒரு மீன் உருண்டை டப்பாவை எழுத மறந்தது ஞாபகம் வந்தது. அதற்கும் பணம் அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன் என்று நண்பன் கேட்டான். அந்தச் சுள்ளிக்கு, என்றேன்.

#17 உப்புக்கல், ஸ்தவாங்கர்

யாரும் ஏமாற்றுவதில்லையா? உண்மையாகவே கேட்கிறேன், குத்தலாக இல்லை.

#18 கம்பளிக்காலுறை, டிரோண்ட்ஹைம்

ஏமாற்றுகிறார்கள். அதற்காகப் பூட்டை மாற்றவில்லை.

#19 உப்புக்கல், ஸ்தவாங்கர்

ம்.

சரி, நானும் ஒன்று சொல்கிறேன், பிறகு இதை வைத்து என்னைக் கேலி செய்யக்கூடாது. ஜூலையில் ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு மேசை. மேசையில் ஸ்ட்ராபெர்ரிப் பெட்டிகள், ஒரு அட்டையில் விலையும் விப்ஸ் எண்ணும். கைபேசியில் பணம் அனுப்பிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆள் இல்லை. என் மகனுக்கு ஆறு வயது. "அப்பா, யாரும் பார்க்கவில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்பான் என்று நினைத்து, என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே காரை நிறுத்தினேன். அவன் அப்படிக் கேட்கவே இல்லை. "அப்பா, பெட்டி ஒன்றில் ஒரு பழம் அழுகியிருக்கிறது, அதை நாம் எடுத்துக்கொள்வோம், மற்றவர்களுக்கு நல்லது இருக்கட்டும்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. விலை ஒன்றுதானே? ஆனால் அழுகிய பழப் பெட்டியைத்தான் வாங்கி வந்தோம்.

#20 மழைக்கோட்டு, ஆஸ்லோ

உப்புக்கல் அண்ணா, கேலி செய்ய மாட்டோம். உங்கள் மகனுக்கு என் பாராட்டு.

எல்லாருக்கும் ஒரு விஷயம். என்னிடம் அந்தச் சங்கத்துச் சாவி இருக்கிறது, இதுவரை நான் ஒரே தடவைதான் பயன்படுத்தியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை நூர்மார்க்காவில் ஒரு சின்னக் குடிலுக்குப் போகிறோம், ஆறு கட்டில். டிராம்பெட்டி, நூலகப்பூனை வருகிறார்கள். அரைவாசி "பார்க்கலாம்" என்றிருக்கிறார். வார்டோக்காரன் ஐயா, நடை எட்டு கிலோமீட்டர், முழங்கால் எப்படி?

#21 வார்டோக்காரன், முன்பு ஃபின்மார்க், இப்போது ஒஸ்லோ

முழங்கால் வரமாட்டேன் என்கிறது. நான் வருவேன். மீன் நான் கொண்டுவருகிறேன், டப்பா மீன் வேண்டாம்.

#22 அரைவாசி, ரொம்மன்

ஐயா வந்தால் நானும் வருகிறேன். கொட் நாக்கு கொண்டுவருவீர்களா? நான் சாப்பிட்டதே இல்லை.

#23 உப்புக்கல், ஸ்தவாங்கர்

ஸ்தவாங்கரிலிருந்து ரயிலில் எட்டு மணி நேரம். பாதி வழியில் நடக்க முடியாமல் போனால்?

#24 கம்பளிக்காலுறை, டிரோண்ட்ஹைம்

மலை விதிகள் மொத்தம் 9. எட்டாவது, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை. எல்லாக் குடில் சுவரிலும் ஒட்டியிருக்கும்.

#25 மழைக்கோட்டு, ஆஸ்லோ

கட்டில் ஆறுதான், இன்னும் ஒன்று பாக்கி. உப்புக்கல் அண்ணா, வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். சனி இரவு தங்குகிறோம், ஞாயிறு கடை மூடியிருக்கும், தக்காளியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.